இன்னும் வரலையாம்

"நீங்கல்லாம் மனுஷங்கதானா? உங்க வீட்ல ஒருத்தருக்கு இப்படின்னா இப்படித்தான் நிப்பீங்களா?"

அவர் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியின் முன்கூடமே திரும்பிப் பார்த்தது. டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் வலியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எதிரே நின்ற நர்ஸ் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ.

ரிசப்ஷன் பெண்ணுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவர் மேல் இல்லை, நர்ஸ் மேல்.

அவர் கத்துவதில் என்ன தப்பு? மனைவிக்கு மார்பில் புற்றுநோய். ஒரு பக்க மார்பையே எடுத்தாகிவிட்டது. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். நோய் வேறு எங்கேயாவது பரவியிருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். அதற்காக மனிதர் வேலைக்குப் போகிற வழியில் தினமும் வந்து கேட்கிறார். தினமும் இந்த நர்ஸிடம் ஒரே பதில், "இன்னும் வரலை சார்."

"டிரெஸ்ஸிங் மாத்த வந்தப்பவும் அவகிட்ட இதையேதான் சொல்லி அனுப்பியிருக்கீங்க. நான் வெளியில வண்டிகிட்ட நிக்கிறேன், வந்து 'இன்னும் வரலையாம்'னா. ஏறி உக்காந்ததுலேர்ந்து ஒரே அழுகை."

"இப்பவும் அழறாங்களா சார்?" நர்ஸ் அப்போதுதான் பேசினாள்.

"பின்னே சிரிக்கவா செய்வா? பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழறா. குழாயைத் திறந்து விட்டா எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. நானும் எத்தனைதான் பாக்கறது? விடிஞ்சா சமையல், பாத்திரம், துணி. பிள்ளைங்க நான் கட்டிக் குடுக்கறதை அப்படியே திருப்பிக் கொண்டாந்துடுதுங்க. ஆபீஸ்ல உக்காந்தபடியே தூங்கி விழறேன். 'ஒண்ணுமில்ல'ன்னு ஒரு வார்த்தை நீங்க சொல்லிட்டா அழுகைக்கு என்ன வேலை? முகத்தைக் கழுவிக்கிட்டு எழுந்து, பழையபடி அவ பாட்டுக்கு வேலையைப் பாப்பா. ஒரே ஒரு வார்த்தை சிஸ்டர்!"

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் ஆகும் சார்."

"நல்லா இருங்க!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

ரிசப்ஷன் பெண்ணுக்குத் தாங்கவில்லை.

"ஏன்க்கா, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா? லேபுக்கு ஒரு போன் போட்டா விரல் தேஞ்சா போயிடும்? தள்ளுங்க, நானே கேக்கறேன்."

போனை எடுத்தவளின் கையை நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். ரிசல்ட் வந்தாச்சு."

"எப்போ?"

"போன வாரமே. நல்ல ரிசல்ட்தான். வேற எங்கயும் பரவலை."

"அடக் கடவுளே! அப்புறம் ஏன்க்கா அந்த மனுஷனை இப்படி அலைய விடறீங்க?"

நர்ஸ் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"டாக்டர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. முடிவை நோயாளிகிட்டதான் சொல்வார். வீட்டுக்குச் சொல்றதும் சொல்லாததும் அவங்க இஷ்டம். டிரெஸ்ஸிங் மாத்த வந்தன்னிக்கே அந்தம்மாகிட்ட சொல்லிட்டார். அடுத்த செக்கப் வரைக்கும் செய்ய வேண்டியது ஒண்ணுமில்லன்னும் சொன்னார். வெளியில வந்ததும் அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'வீட்ல இன்னும் வரலைன்னுதான் சொல்லப்போறேன் சிஸ்டர். அவர் வந்து கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க'ன்னாங்க."

"எதுக்காம்? இன்னும் நாலு நாள் வேலை செய்யாம படுத்திருக்கவா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். முகத்துல காட்டிட்டேன் போல, அவங்களே சொன்னாங்க. 'ஆபரேஷனுக்கு முன்னாடி உயிர் பொழைச்சாப் போதும்னு இருந்துச்சு. அப்புறம் ரிசல்ட் என்ன ஆகுமோன்னு பயம். போனதை நினைச்சு அழ எனக்கு நேரமே கிடைக்கலை சிஸ்டர். கண்ணாடி முன்னாடி நின்னு இன்னும் பாக்கக்கூட இல்ல. இப்ப ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா, அதான் ஒண்ணுமில்லையே, இன்னும் என்ன அழுகைன்னு கேப்பாங்க. எங்க வீட்டுக்காரர் தங்கமானவர். அவரே கேப்பார். ரிசல்ட் வர்ற வரைக்கும்தான் என்னை அழ விடுவாங்க'ன்னாங்க."

ரிசப்ஷன் பெண் போனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவரும் பாவம்தானேக்கா?"

"பாவம்தான். அதனாலதான் அவர் என்ன திட்டினாலும் நான் வாயைத் திறக்கறதில்ல. செக்கப் முடிஞ்சதும் தானே சொல்லிடறதா அந்தம்மா சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்."

அதற்குள் அவரே திரும்பி வந்துகொண்டிருந்தார். கோபமெல்லாம் வாசலிலேயே இறங்கிவிட்டது போலிருக்கிறது, நடையில் வேகமே இல்லை. நர்ஸைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நேராக ரிசப்ஷன் மேஜைக்கு வந்தார்.

"மேடம், சிஸ்டரை ரொம்பப் பேசிட்டேன். தப்புதான். நீங்களாவது லேபுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. புண்ணியமா போகும்."

ரிசப்ஷன் பெண் போனை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"இப்பதான் கேட்டேன் சார். அடுத்த செக்கப்புக்கு முன்னாடி வராதுன்னுட்டாங்க. நாளையிலேர்ந்து திட்டணும்னா என்னைத் திட்டுங்க."