முசுட்டை இலைச் சம்பந்தம்

வெற்றிலைத் தட்டத்தைப் பஞ்சலிங்கத்தார் முதுகு வளையாமல் நீட்டினார்.

மகனுக்குப் பெண் கேட்டு, பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய தம்பிஐயா, மரியாதைக்கு ஒரு வெற்றிலையைத் தொட்டுவிட்டு மடியிலிருந்து வெற்றிலை வைக்கும் தன் கொட்டைப்பெட்டியை எடுத்தார்.

“குறை நினைக்காதேங்கோ அண்ணை. எனக்கு நீர்வேலி வெத்திலைதான் ஒத்துவரும்.”

எங்கள் கொக்குவிலில் முளைக்காத வெற்றிலையோ என்று கேட்க நாக்குத் துடித்தது. ஆனால் பஞ்சலிங்கத்தாரின் வாய்க்கு அன்று வேறு கவலை இருந்தது.

கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. இன்னும் புற்றுநோயாகவில்லை, வெற்றிலையும் புகையிலையும் இனித் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கீரை, நெல்லிக்காய், மஞ்சள் இவற்றில் வாயைக் காக்கும் ஏதோவொன்று இருக்கலாமென்று ஆராய்கிறார்களாம். நிச்சயமில்லையாம்.

தம்பிஐயாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். நோய்க்கார வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? முப்பது தாண்டிய மகள் கமலாவதி உள்ளே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரன் வெற்றிலை போடாமல் இருந்தாலோ, பெண் கொடுக்க மனமில்லையென்று வந்தவர் எழுந்துவிடுவார்.

அதனால்தான் மனைவி பூரணம் விடியவே வேலியில் முசுட்டை இலை பிடுங்கியிருந்தாள். வறை வறுக்கும் கீரைதான். வடிவம் மட்டும் அசல் வெற்றிலை. உள்ளே பாக்குக்கு நெல்லிக்காய்ச் சீவல், புகையிலைக்கு மஞ்சள் துண்டு.

பஞ்சலிங்கத்தார் ராசகளையோடு மென்றார். கைப்பு உச்சந்தலை வரை ஏறியது.

துப்ப வேண்டுமே! சிவப்பு எங்கிருந்து வரும்? படிக்கத்தில் துப்பினால் குட்டு உடைந்துவிடும்.

கிணற்றைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து, பின்வளவு வாழையடியில் துப்பினார். பச்சை.

பக்கத்து வாழையடியில் இன்னொருவர் துப்பினார். அதுவும் பச்சை.

தம்பிஐயா வாயைத் துடைத்தார்.

“வல்லாரை அண்ணை. போன மாதம் வாய்க் கிளினிக்கிலை, சால்வையாலை முகத்தை மூடிக்கொண்டு மர வாங்கிலை குந்தியிருந்தனீங்கள். அண்டைக்குத்தான் இந்தச் சம்பந்தத்தை யோசிச்சனான். வருத்தக்காரர் எண்டு எங்களை ஒதுக்கேலாத வீடு வேணுமெல்லோ.”

பஞ்சலிங்கத்தார் நெஞ்சை நிமிர்த்தினார். “எங்கடை குடும்பப் பெருமையை விசாரிச்சுத்தான் வந்தனீங்கள் எண்டெல்லோ நினைச்சன்.”

“என்னத்தை விசாரிக்கிறது? அந்த வாங்கிலை மூண்டு பேர் இருந்தனாங்கள். மற்றாளுக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லை.”