உப்புக் கரித்த வரி

பழைய ஆங்கில அகராதி ஒன்றில் ‘செட்’ என்ற சொல் குடியிருந்தது. பகலெல்லாம் அதற்கு ஓயாத வேலை. வயலில் பம்புசெட், ஓட்டலில் செட் தோசை, கல்யாணப் பேச்சில் ‘செட் ஆகாது’. கூப்பிட்டவர்கள் தண்ணீரையும் தோசையையும் மாப்பிள்ளையையும்தான் பார்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் அது தன் பக்கத்துக்குத் திரும்பியபோது அங்கே ஒரு புத்தகப்பூச்சி உட்கார்ந்திருந்தது.

“நான் எங்கேருந்து வந்தேன்னு இங்க ஒரு வரி இருந்துச்சே?” என்று பதறியது செட்.

“அதுவா? யாரும் படிக்கிற மாதிரி தெரியல. பசியில தின்னுட்டேன்” என்றது பூச்சி.

வேலை முடியட்டும் என்று செட்டும் அதைப் படிக்காமலேதான் விட்டிருந்தது. பூச்சி தின்ற ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டது:

“ருசி எப்படி இருந்துச்சு?”

“லேசா உப்புக் கரிச்சுது.”

“அப்போ கடல் வழியாத்தான் வந்திருக்கேன்” என்றது செட்.