குழிக்கு நட்ட கொப்பு

"கொப்பு இருந்திச்சி சேர். நான்தான் பாக்காம விழுந்தேன்."

ஸமீமா இப்படிச் சொன்னதும் சரோஜினிதேவிக்குத் தலை சுற்றியது. மாநகர சபை அலுவலகத்துக்கு அவளுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் அவர்.

வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீட்டுக்காரர் இருவரும். போன மாதத்து மழையில் ஒழுங்கை முழுக்க வெள்ளம். சபை ஆட்கள் மூடியைக் கழற்றிவிட்டுப் போன வடிகான் குழி தண்ணீருக்குள் தெரியவில்லை. ஸமீமா கால் வைத்தாள். முறிந்தது வலது கால். தையல் மெசின் மிதிக்கிற கால். அந்தக் காலை நம்பித்தான் அவள் வீட்டில் உலை ஏறுகிறது.

"இவள் என்ன கதைக்கிறாள்? அங்க கொப்பும் இல்லை, ஒண்டும் இல்லை ஐயா," என்றார் சரோஜினிதேவி. "பின்னேரம் இவளைத் தூக்கினதே நான்தான். அம்மாளாணைச் சொல்லுறன்."

சபைக் கந்தோர் உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அம்மா, குழி கிடக்கெண்டு காட்ட, காலமையே மரக்கொப்பொண்டு நட்டதெண்டு எங்கட ஆக்கள் எழுதித் தந்திருக்கினம். நடாமல் விட்டிருந்தால் சபை இழப்பீடு குடுக்க வேணும். நட்டதை ஆரும் பிடுங்கியிருந்தால், பிடுங்கின ஆள்தான் பொறுப்பு. கொப்பு நிண்டும் இவ விழுந்திருந்தால் ஒருத்தரும் பொறுப்பில்லை."

"அப்ப கால் முறிஞ்சது?"

"அது முறிஞ்சதுதான். சட்டம் என்ன செய்யும்?"

சரோஜினிதேவிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு கால், ஒரு குழி. அதற்குள் இத்தனை "இருந்தால்" எங்கேயிருந்து வந்தது?

"எதிர்க்கடையில கமரா இருக்கு," என்றார் உத்தியோகத்தர். "பிடுங்கினது ஆரெண்டு பார்த்து, அந்த ஆளிட்டயே இழப்பீடு கேக்கலாம். ஆனால் முறைப்பாட்டுக்கு இண்டைக்குத்தான் கடைசி நாள். என்ன, எழுதவோ?"

"எழுதுங்கோ ஐயா! குழிக்கு நட்ட கொப்பைப் பிடுங்கிறதும் ஒரு மனுசப் பிறவியே? அம்மாள் சும்மா விடமாட்டா."

"கமரா வாணாம் சேர்!" ஸமீமா பதறிக்கொண்டு குறுக்கிட்டாள். "கொப்பு இருந்திச்சி. கடதாசியத் தாங்க, கையெழுத்து வெச்சிட்டுப் போறேன்."

வைத்தாள். உத்தியோகத்தர் ஃபைலை மூடிவிட்டார்.

ஊன்றுகோலோடு அவளைத் திரீவீலில் ஏற்றினார் சரோஜினிதேவி. மனம் ஓயவில்லை. சபைக்காரர் சல்லி குடுத்துச் சரிக்கட்டிவிட்டார்களோ? இல்லை, பயப்படுத்தினார்களோ? அம்மாள் பேரில் சத்தியம் பண்ணிய தன்னை எல்லோ பொய்க்காரி ஆக்கிவிட்டாள்!

திரீவீல் கொழும்பு–காலி வீதியில் ஏறியதும் பொறுக்கமுடியவில்லை.

"ஏனடி பொய் சொன்னனீ?"

"பொய்தான் அக்கா. அல்லாஹ் மன்னிப்பான்."

"வாற மாசம் வீட்டு வாடகையை ஆர் குடுக்கிறது? அல்லாஹ்வோ?"

ஸமீமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அடங்கிப்போய்ச் சொன்னாள்:

"கொப்பை எடுத்த ஆளை நான் மெசினடி ஜன்னலால கண்டேன் அக்கா. அது குழிக்கு நட்டதெண்டு அப்ப எனக்கும் தெரியா. விழுந்த பொறகுதான் வெளங்கிச்சி."

"கண்டனியோ? கண்டுபோட்டோ வாயை மூடிக்கொண்டு இருந்தனீ? ஆரெண்டு சொல்லு! அந்த மூதேவியை இண்டைக்கே நான்..."

ஸமீமா அவருடைய கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளம் கொண்டுவந்த வேப்பங்கொப்பெண்டு நெனச்சி, ரெண்டு கண்ணிலயும் ஒத்திக்கொண்டு, அம்மாள் கோயிலுக்கு எடுத்திட்டுப் போனீங்களே அக்கா."