புது நட்டுக்கு நடுக்கமில்லை

வெட்டும் கட்டரைக் கவ்விப் பிடிப்பது கோலெட். கோலெட்டை இறுக்குவது நட்டு. இரண்டும் உலோகத்தைச் செதுக்கும் பழைய மில்லிங் மெஷினில் வருஷக்கணக்காக ஜோடியாகச் சுற்றியவை. அசுர வேகத்தில் சுற்றும் புது மெஷின் வந்ததும், ஆபரேட்டர் பெரியண்ணன் அதற்குப் புது நட்டு வாங்கினார். "பழசு இந்த வேகத்துக்கு ஆடும்" என்று அதை டிராயரில் போட்டுவிட்டார்.

சாயங்காலம், புது நட்டோடு புது மெஷினில் சுற்றிய கோலெட்டையும் கழற்றி அதே டிராயரில் வைத்தார்.

"புதுசு எப்படி?" என்றது பழைய நட்டு.

"துளி நடுக்கமில்ல. வேலை கண்ணாடியாட்டம் வருது," என்றது கோலெட்.

"நல்லது. நான்தான் உன்னை உலுக்கி எடுத்துட்டேன்."

"நீ உலுக்கறப்ப, கூட ஒருத்தர் இருக்கறது தெரியும். இப்ப தனியாச் சுத்தறாப்பலயே இருக்குது."

மறுநாள் காலை டிராயரைத் திறந்த பெரியண்ணன் முழித்தார். கோலெட் பழைய நட்டுக்குள் கச்சிதமாக மாட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து தனித்தனியாத்தானே வெச்சேன்?"