வெறும் கொழுப்புதான்

"டாக்டர், இது ஆபத்தில்லாத கட்டின்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

கணவர் எக்ஸ்ரே அறையிலிருந்து வருவதற்குள் ரிசல்ட்டைக் கேட்டுக்கொண்ட மனைவி இப்படிச் சொன்னதும், நெஞ்சு ஆபரேஷன் டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னம்மா சொல்றீங்க? கேன்சரோன்னு பயந்து மனுஷன் பாதியாயிட்டாரு. ஸ்கேன் பார்த்தாச்சு, ஊசியில சதை எடுத்தும் பார்த்தாச்சு. வெறும் கொழுப்பு. நெஞ்சுக்குள்ள வர்றது அபூர்வம், அவ்வளவுதான்."

"புரியுது டாக்டர். கொஞ்ச நாள் கழிச்சு சொல்லுங்களேன்."

"ஏன்?"

அவள் கணவர் வருகிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

கல்நெஞ்சைக் காட்டுகிற ஸ்கேன் இன்னும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

"உண்மையை மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாதும்மா."

கணவர் நெஞ்சைப் பிடித்தபடி மெல்ல உள்ளே வந்தார்.

"நீ ஏம்மா நிக்கிற? உட்காரு." நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல டாக்டர். இவளை நினைச்சாத்தான்..."

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இப்படி ஒரு மனைவியா! டாக்டருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, கேன்சர் கிடையாது. கொழுப்புக் கட்டி. நுரையீரலை அழுத்தல, இதயத்துக்கும் தொந்தரவில்ல. ஆபரேஷனே வேண்டாம். வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து, வளருதான்னு பார்த்துக்கிட்டா போதும். மூச்சு வாங்கினா மட்டும் உடனே வாங்க."

"நிஜமாவா டாக்டர்?"

"நூத்துக்கு நூறு."

நெஞ்சிலிருந்து கை இறங்கியது. முதுகு நிமிர்ந்தது. மனைவி பக்கம் திரும்பினார்.

"கேட்டியாடி? எழவு வீடு மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டுத் திரிஞ்சியே! இன்னும் என்ன மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க? அந்தப் படத்தையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வா, சனியனே!"

"ஐயா... சத்தம் போடாதீங்க. நெஞ்சுல கட்டி இருக்கு..." டாக்டர் தடுமாறினார்.

"வெறும் கொழுப்புதானே டாக்டர்!"

சிரித்துக்கொண்டே விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

அவள் ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் போட்டாள். டாக்டரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா."

"ஐயோ, நல்ல சேதிதானே சொன்னீங்க! எனக்கும் சந்தோஷம்தான்." வாசலில் ஒரு கணம் நின்றாள். "அவருக்கு எம்பேர் தெரியும்கிறதே, இந்தக் கட்டி வந்தப்புறம்தான் டாக்டர் எனக்குத் தெரிஞ்சுது."