மூணாவது ஜட்ஜ்

"எனக்குக் கண்ணாடி அப்புறம் பார்த்துக்கலாம் சார். முதல்ல நீங்க ஒண்ணு மாட்டிக்குங்க!"

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததிலிருந்து இதைச் சொன்ன ஏழாவது ஆள் இவர். ஏழு பேருமே இந்த ஜோக்கைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துச் சிரித்தார்கள்.

கண்ணாடிக் கடைக்காரரும் சிரித்து வைத்தார். வேறென்ன செய்ய? மற்ற நாளில் மூக்குக்கண்ணாடி விற்பவர், சனிக்கிழமையானால் குத்துச்சண்டை ஜட்ஜ். இருபத்திரண்டு வருஷமாக.

போன சனிக்கிழமை பட்டத்துக்கான சண்டை. ஒரு ஜட்ஜ் சாம்பியன்தான் ஜெயித்தான் என்றார். இன்னொருவர் இல்லை, எதிராளிதான் என்றார். மூணாவதாக இவருடைய மார்க் சீட்டும் எதிராளிக்கே போக, பட்டம் கைமாறிவிட்டது.

அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூட ஒழுங்காக அடித்திராதவர்கள் எல்லாம் ஒரே நாளில் குத்துச்சண்டை நிபுணர்களாகிவிட்டார்கள்.

பட்டம் போன சாம்பியன் டிவியில் கொதித்தான். "அந்த ஆளுக்குக் கண்ணு தெரியல. இல்லன்னா எவன்கிட்டயோ கை நீட்டியிருக்கான்!"

குத்துச்சண்டைச் சங்கம் உடனே தூக்கத்திலிருந்து எழுந்து, வெள்ளிக்கிழமை விசாரணை என்றது. சரியான விளக்கம் இல்லையென்றால் ஜட்ஜ் பதவி காலி.

"நிஜமாவே கை நீட்டியிருந்தா எனக்கு ஒரு வாஷிங் மெஷினாவது வந்திருக்கும்," என்றாள் சாப்பாட்டுக் கேரியரோடு கடைக்கு வந்த மனைவி. "இப்ப பேரும் போச்சு, மெஷினும் இல்ல."

அப்போது பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவன் உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். சாம்பியன்!

அவள் சட்டென்று முக்காலியைத் தூக்கிவிட்டாள். "என் வீட்டுக்காரர் மேல கை வச்சுப் பாரு!"

"அடிக்க வரல அக்கா." குரல் உள்ளே போயிருந்தது. "கண்ணு டெஸ்ட் பண்ணணும்."

சிரிப்பதா, முக்காலியைப் போடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைக்காரர் அவனை உட்காரவைத்து வலது கண்ணை மூடச் சொன்னார்.

"எதிர்ல அட்டையில மேல இருக்கிற பெரிய எழுத்து என்ன?"

"அட்டை எங்க சார் இருக்கு?"

அவர் பெருமூச்சு விட்டார். "ஆறாவது ரவுண்டுலயே எனக்குச் சந்தேகம் தம்பி. இடது பக்கத்துலேருந்து வந்த ஒரு குத்தைக்கூட நீ தடுக்கல. அத்தனையும் மூஞ்சியில வாங்கினே."

"ஓரத்துல கறுப்பா திரை விழுந்த மாதிரி இருக்கு சார்."

"இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னொரு சண்டை போட்டா இந்தக் கண்ணை மறந்துட வேண்டியதுதான்."

அவ்வளவு பெரிய உடம்பு பொலபொலவென்று அழுதது. "சண்டையை விட்டுட்டு நான் என்ன சொல்லிக்கிட்டு வெளிய வர்றது? கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா ஊரே 'அய்யோ பாவம்'னு பார்க்கும். என்னால தாங்க முடியாது சார். அதுக்குக் கண்ணே போகட்டும், அடுத்த மாசம் மறுபடி ஏறிடறேன்."

மனைவி கணவரைத் தனியே இழுத்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "போதும், நாம பிழைச்சோம்! வெள்ளிக்கிழமை இதை அப்படியே போட்டு உடைங்க. வாயைத் திறந்தவன் எல்லாம் வாயை மூடட்டும்."

"நீ வீட்டுக்குப் போ. நான் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் வெள்ளிக்கிழமை தெரிந்தது. சங்கத் தலைவர் விளக்கம் கேட்டார். "சீட்டுல எழுதினதுதான் சார்" என்றார் இவர். இரண்டே நிமிஷத்தில் பட்டியலிலிருந்து பேரை அடித்தார்கள். நேர்மையான சங்கமாயிற்றே, மறக்காமல் ஒரு டீ கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் கடைக்குச் சாப்பாட்டுக் கேரியர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் சாம்பியன். கறுப்புக் கண்ணாடி. கையில் ஒரு கத்தைக் காகிதம்.

"பதினாலு வருஷம் இந்த மேடையில ரத்தம் சிந்தியிருக்கேன். எந்தக் கையும் என்னைச் சாய்க்கல. ஒரு ஜட்ஜோட பேனா சாய்ச்சிடுச்சு. நியாயம் செத்துப்போன இடத்துல எனக்கு வேலை இல்ல. இனி நான் சண்டை போட மாட்டேன்!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு நிருபர் மூக்கை உறிஞ்சினார். கண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனைவிக்கு வந்ததே ஆத்திரம்! "நன்றி கெட்ட ஜென்மம்! நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச வராது இவனுக்கு. இவ்வளவு விஷத்தை எவன் எழுதிக் கொடுத்தான்? அவன் கை விளங்காமப் போக!"

கடைக்காரர் தன் வலது கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"சாபமெல்லாம் விடாதே. கண்ணுக்கு மருந்து விட்டிருப்பாங்களே, மங்கலாத் தெரியுமேன்னு ஒவ்வொரு எழுத்தையும் பெரிசு பெரிசா எழுதினேன். திக்காமப் படிச்சுட்டான், பார்த்தியா?"