கேட்டலுக்கு நூறு

டேப்பில் பேசிய ஜப்பான்காரர் நாலாவது கேள்வியைத்தான் தொடங்கியிருந்தார். அதற்குள் கங்கா கேட்டல் தாளின் கடைசிக் கட்டம் வரைக்கும் விடை குறித்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தாள்.

மேற்பார்வைக்கு நின்ற ராமபத்ரன் அதைப் பார்த்துவிட்டார். டேப்பில் இன்னும் வராத கேள்விக்கு விடை மட்டும் எங்கிருந்து வரும்? பேப்பர் வெளியே போயிருக்கிறது, சந்தேகமே இல்லை.

மட்டாஞ்சேரி பஜாரில், சுக்குக் கிடங்கின் மாடியில் நடந்த மாதிரிப் பரீட்சை அது. அசல் ஜப்பானிய மொழித் தேர்வு டிசம்பரில், சென்னையில். இங்கே தேறுகிறவர்களை வெலிங்டன் தீவிலுள்ள ஒரு கப்பல் ஆபீஸ் சென்னைக்கு அனுப்பும். ஜப்பானிலிருந்து வரும் கடிதங்களையும் சரக்குத் தாள்களையும் படித்துச் சொல்கிற வேலை ஒன்றும் அங்கே காத்திருந்தது.

மற்றப் பிள்ளைகள் அவருடைய வகுப்புக்கு வந்து படித்தவர்கள். கங்காவை மட்டும் ராமபத்ரன் இன்றைக்குத்தான் பார்க்கிறார். பள்ளுருத்தியில் இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை. புத்தகங்களை வைத்து வீட்டிலேயே படித்தாளாம். தண்ணீரில் ஊறி வெளுத்த அந்த விரல்களுக்கு இந்த வேலை கிடைத்தால் எவ்வளவு பெரிய விடுதலை என்று காலையில் அவரே நினைத்து இரக்கப்பட்டார். இப்போது அந்த இரக்கமே அவரைச் சுட்டது.

காலையில் கரும்பலகையில் மார்க் விவரத்தை எழுதிப் போட்டதும் அவர்தான். எழுத்தும் சொல்லும் நூறு. கேட்டல் நூறு. வாசிப்பும் இலக்கணமும் இருநூறு. மொத்தம் நானூற்றில் இருநூற்று நாற்பது எடுத்தால் தேர்ச்சி. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.

முதல் பெஞ்சிலிருந்து சிஜு கையைத் தூக்கினான். "சாரே, கேட்டல்ல முட்டை வாங்கினாலும் பாஸா?"

"மத்ததுல எல்லாம் சேர்ந்து இருநூத்தி நாப்பது வந்தா பாஸ்தான். ஆனா அப்படிப் பாஸான மகானை நான் இதுவரை கண்டதில்ல."

"எடா சிஜு, முட்டைக்கு நீ ரெடி. பாக்கி மார்க்குக்கு யாரைப் பிடிப்பே?" என்றாள் சோனியா. ஹாலே சிரித்தது. கங்கா மட்டும் சிரிக்காமல், பலகையில் இருந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே போயிற்றோ. டேப் ஓட ஓட, பாவம், பிள்ளைகள் மூச்சைக்கூட அடக்கி வைத்திருந்தார்கள். ஆறாவது கேள்வியின் நடுவே, கீழே மிளகு ஏற்ற வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது. "அய்யோ, போச்சு!" என்று எல்லாத் தலைகளும் ஜன்னல் பக்கம் திரும்பின. கங்கா அசையவில்லை. மேசைமேல் கட்டி வைத்திருந்த அடுத்த பேப்பரின் மேலேயே அவள் கண் இருந்தது. இருநூறு மார்க் வாசிப்புத் தாள்.

அதையும் முன்கூட்டியே பார்த்துவிட்டாளோ? ராமபத்ரன் பூனைபோல நடந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"பேப்பரை யார் குடுத்தா?" குரலை அடக்கிக் கேட்டார்.

கங்காவின் கண் அந்த வாசிப்புத் தாளைவிட்டு நகரவில்லை.

"உன்கிட்டத்தான் கேக்கறேன். யார் குடுத்தா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருட்டைவிடத் திமிர்தான் மனுஷனை அதிகமாகக் கொதிக்க வைக்கும், இல்லையா? டேப் ஓடுகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசிக் கேள்வி முடியும்வரை அங்கேயே நின்றார்.

டேப் 'டக்'கென்று நின்றது. அடுத்த கணம் அவர் கை அவள் தாளின்மேல் விழுந்தது. கங்கா திடுக்கிட்டு எழுந்தாள். தாளின் ஓரத்தை ஒரு நொடி இறுகப் பிடித்தாள்; அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

"சாரே, அந்தக் குட்டிக்கு பேப்பர் முன்னாடியே கிட்டியிருக்கு," என்றான் சிஜு. "நாங்க நாலாவதுல முழிச்சிட்டு இருக்கும்போதே கட்டம் முழுக்கக் கறுப்பாக்கியாச்சு."

"நீ உன் பேப்பரைப் பாக்காம அவளைப் பாத்துட்டு இருந்தியாக்கும்?" என்றாள் சோனியா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ராமபத்ரன் தாளை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தன் மேசைக்கு நடந்தார். நடந்துகொண்டே அதைப் பார்த்தவர் திகைத்துப்போனார். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை. மூன்று, மூன்று, மூன்று.

அப்படியானால் இது திருட்டுக்கூட இல்லை. கேலி! அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவள் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல், கரும்பலகையைப் பார்த்தபடியே கத்தினார்.

"பரீட்சைன்னா உனக்கு விளையாட்டா? ஒரு கேள்வியைக்கூடக் காது குடுத்துக் கேக்காம கோடு இழுத்து வெச்சிருக்கே! உனக்கு அடுத்த பேப்பர் கிடையாது. வெளியே போ!"

கங்கா போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். அவளைப் பார்த்த சோனியாவின் கண்தான் முதலில் தாழ்ந்தது.

"இன்னும் நிக்கிறியா? சொன்னது விளங்கலியா?" காலடிச் சத்தம் கேட்காததால், திரும்பாமலே மறுபடி கத்தினார்.

அப்போதுதான் கங்கா முதல்முறையாக வாயைத் திறந்தாள். அந்தச் சின்ன ஹாலுக்குத் தேவையே இல்லாத அளவுக்கு அவள் குரல் உரக்க ஒலித்தது.

"சார், இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க... எனக்குக் காது கேக்காது."